நிரம்பிய கணினிக்கு ஃபார்மேட்தான் வழியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வட்டில் இடம் தீர்ந்து கணினி தடுமாறினால் ஃபார்மேட் செய்துவிடலாம் என்று தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் படித்தேன். அதையே நம்பி, உபுண்டு லினக்ஸ் இயங்கும் எங்கள் வீட்டுக் கணினியை இரண்டு முறை அழித்து நிறுவியவன் நான். மூன்றாம் முறை பாலக்கோட்டிலிருந்து பேருந்தில் தருமபுரிக்குச் சுமந்து சென்றபோது, பெரிய ஹார்டு டிஸ்க் மாற்ற வேண்டும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

கல்லூரியில் படிக்கும் என் தங்கை மகள் கணினி தன் நடப்புகளைக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்புகள் இருக்கும் 'வார்' கோப்புறையைத் திறந்து பார்த்தாள். 'சிஸ்லாக்' என்ற ஒரே கோப்பு 38 ஜிபி அளவுக்குப் பெருத்திருந்தது. பழுதாகிப்போன வைஃபை டாங்கிள் (யுஎஸ்பி-யில் செருகும் இணைய இணைப்புக் கருவி) ஒன்று ஓயாமல் அனுப்பிய ஒரே பிழைச்செய்திதான் அதில் வரிவரியாக நிறைந்திருந்தது. பழைய பதிவுகளைத் தனியே ஒதுக்கிக் கழிக்க 'லாக்ரொட்டேட்' என்ற நிரல் உண்டு என்றாலும், அளவு வரம்பு குறிப்பிடாவிட்டால் அது நாள்கணக்கையோ வாரக்கணக்கையோ மட்டுமே பார்க்கும். இடையில் கோப்பு எவ்வளவு வீங்கினாலும் கண்டுகொள்ளாது.

கோப்பை அழித்தும் இடம் திரும்பாதது எங்களைக் குழப்பியது. பதிவு எழுதும் சேவை, அதாவது பின்னணியில் இயங்கும் நிரல், அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரை, பெயர் மறைந்தாலும் வட்டில் இடம் விடுபடாது என்பதை அன்றுதான் அறிந்தேன். சேவையை நிறுத்தி மீண்டும் தொடங்கியதும் இடம் கிடைத்தது. அழிப்பதற்குப் பதிலாகக் கோப்பை வெறுமையாக்கியிருந்தால் இந்தச் சுற்றே வேண்டியிருந்திருக்காது. சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் 'சிஸ்டம்டி' என்ற நிரல் வைத்திருக்கும் 'ஜர்னல்' பதிவு தனியானது. அது இயல்பாகவே வட்டின் 10 விழுக்காடு வரை, அதிகபட்சம் 4 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும் என்பதால், அதன் அமைப்புக் கோப்பில் 200 எம்பி என்று வரம்பு வைத்துவிட்டோம்.

தொடக்கத்தில் தானாக எழும் சேவைகளையும் அதே கையோடு பார்த்தோம். எந்தச் சேவை எத்தனை நொடி எடுக்கிறது என்று 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' என்ற கட்டளை வரிசைப்படுத்திக் காட்டும். பல சேவைகள் ஒரே நேரத்தில் எழுவதால் அந்த நொடிகளைக் கூட்டிப் பார்ப்பது தவறு. வீட்டில் பிரிண்டரே இல்லாதபோது இயங்கிய அச்சுச் சேவையை நிறுத்தினோம். அழைப்பு வந்ததும் அதை எழுப்பிவிடும் 'சாக்கெட்' என்ற மென்பொருள் இணைப்பையும் சேர்த்து நிறுத்தினால்தான் அது முழுமையாக அடங்கும். என்னவென்று தெரியாத சேவைகளைத் தொடவில்லை. பதிவு எழுதும் சேவையையும் விட்டுவைத்தோம். மாலையில் மின்சாரம் சட்டென்று போய்க் கணினி அணைந்துவிட்டால், அதற்கு முன் என்ன நடந்தது என்பதை அந்தப் பதிவில்தான் தேட முடியும்.

ஹார்டு டிஸ்க் மாற்றப்படவில்லை. ஃபார்மேட் என்று எழுதும் முன், எந்தக் கோப்புறை எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பார்க்கும் முறையையும் அந்தப் பகுதியில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.