பாடசாலைச் சுற்றுலாவில் சிங்கராஜ வனத்துக்கும் ஒரு நாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பாடசாலைச் சுற்றுலாக்கள் பற்றித் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளிவந்த கட்டுரையில் பேராதனைப் பூங்காவும் தெஹிவளை மிருகக்காட்சிசாலையும் சீகிரியாவும் இடம்பெற்றிருந்தன. காட்டுக்குள் நடந்துசெல்வதற்கென்று ஒரு நாளேனும் அதில் ஒதுக்கப்படவில்லை. கொழும்பில் வளரும் நம் பிள்ளைகளுக்கு, நாட்டின் தென்மேற்கிலுள்ள சிங்கராஜ மழைக்காட்டில் அந்த ஒரு நாள் கட்டாயம் வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உயர்தர வகுப்புகளுக்கு உயிரியல் கற்பித்து ஓய்வுபெற்ற நான், இவ்வாண்டின் தொடக்கத்தில் வெள்ளவத்தையிலிருந்து தனியாகவே கார் ஓட்டிச் சென்று தீவைச் சுற்றி வந்தேன். புத்தளம், மன்னார், முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் என நீண்ட அப்பயணத்தில் வழிநெடுகிலும் நான் கண்டவை பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் உலர்வலயக் காடுகள். எம்பிலிப்பிட்டிய, றக்குவானை வழியாகக் கலவானையை நெருங்கியபோதுதான் காற்றில் ஈரம் ஏறி, மண்ணின் நிறமும் மரங்களின் உயரமும் மாறத் தொடங்கின. மறுநாள் காலை, குடாவ வாயிலில் நுழைவுச்சீட்டைப் பெற்றுக்கொண்டு, வழிகாட்டி ஒருவருடன் சிங்கராஜ வனத்துக்குள் நடந்தேன்.

குடாவ வாயிலிலிருந்து உள்ளே செல்லும் அகன்ற பாதை சுற்றுலாப் பயணிகளுக்காக வெட்டப்பட்டதன்று. 1970களின் முற்பகுதியில் ஒட்டுப்பலகை உற்பத்திக்காக இவ்வனத்தில் இயந்திரங்களைக் கொண்டு மரம் தறித்தார்கள். தறித்த மரங்களை வெளியே கொண்டுசெல்லப் போட்ட வீதிதான் இன்று நாம் நடக்கும் பாதை. விஞ்ஞானிகளும் இயற்கை ஆர்வலர்களும் பொதுமக்களும் விடாது எதிர்த்துக் குரல்கொடுத்ததன் பயனாக 1977இல் அந்த வேலை நிறுத்தப்பட்டது. 1978இல் உயிர்க்கோள ஒதுக்கமாகவும் 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தலமாகவும் ஏற்கப்பட்ட காடு, அந்த எதிர்ப்பு எழாதிருந்தால் பலகைகளாகிப் போயிருக்கும். பாதையோரத்தில், வெளிச்சம் கிடைத்த இடமெல்லாம் விரைந்து வளரும் மெல்லிய மரங்களைக் காணலாம். அவற்றைத் தாண்டி உள்ளே செல்லச் செல்ல, நிழலிலே முளைத்து ஆறுதலாக உயரும் நாக மரங்களும் வானத்தை மறைக்கும் பெருமரங்களும் வருகின்றன. வெட்டுண்ட காடு எப்படித் தன்னை மீட்டுக்கொள்கிறது என்னும் பாடத்தை, நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் அடுக்கடுக்காக வரைந்து காட்டிய பாடத்தை, அங்கே ஒரு மாணவி தன் காலால் நடந்தே படித்துவிடலாம்.

இவ்வனத்தில் 25 ஹெக்டெயர் நிலம் ஆய்வுக்கென அளந்து ஒதுக்கப்பட்டிருக்கிறது. அங்கே தண்டின் விட்டம் ஒரு சென்ரிமீற்றரை எட்டிய ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கமிட்டுப் பதிவு செய்துவருகிறார்கள். அவ்வாறு பதிவானவை ஏறத்தாழ 2 இலட்சம். பேராதனைப் பல்கலைக்கழகத்தினரின் பெரும் பங்களிப்புடன் நடைபெறும் இந்தப் பொறுமையான வேலையைப் பற்றி நம் தமிழ்மொழி மூல மாணவர்கள் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்ற கவலை எனக்கு உண்டு.

பறவைகளைக் குறித்தும் சொல்ல வேண்டும். இங்கே பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து இரை தேடுகின்றன. கொண்டைக் கரிச்சானும் செம்மஞ்சள் அலகுடைய தவிட்டுக்குருவிகளும் முன்னே செல்ல, ஏனையவை தொடர்ந்து வருகின்றன. கீழ்ப்புதரிலிருந்து உச்சிக்கிளை வரை ஒவ்வோர் இனமும் தனக்குரிய உயரத்தில் இரை தேடுவதால் காடே ஒரு திசையில் நகர்வதுபோலத் தோன்றுகிறது. நீல உடலும் சிவந்த அலகும் கொண்ட, இலங்கைக்கே உரிய நெடுவால் காக்கையினப் பறவையையும் அங்கே கண்டேன். வழிகாட்டியும் நானும் மட்டுமே அசையாமல் நின்றதால்தான் அக்கூட்டம் எங்கள் தலைக்கு மேலாகவே கடந்து சென்றது. சற்று நேரத்தில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போட்டபடி பெரியதொரு குழு வந்தது. அதன்பின் வெகுநேரம் ஒரு பறவையின் சத்தமும் கேட்கவில்லை. அந்தக் குழுவில் சிறுவர்களும் இருந்தார்கள் என்பதே எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

ஆகவே பாடசாலைகள் பஸ் நிறையப் பிள்ளைகளை ஏற்றிச்சென்று ஒரே நேரத்தில் காட்டுக்குள் இறக்கக் கூடாது. பத்துப் பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு வழிகாட்டியும் ஓர் ஆசிரியரும் வைத்து, இடைவெளிவிட்டு அனுப்ப வேண்டும். அட்டை கடிக்கும் என்று பெற்றோர் அஞ்சத் தேவையில்லை. நீளமான காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, காலுறையின் மேல் சவர்க்காரத்தைத் தேய்த்துக்கொண்டால் பெரும்பாலும் அட்டை ஏறாது. ஏறினாலும் அதனால் பெரிய தீங்கில்லை. கொழும்பிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்புவது பிள்ளைகளைக் களைப்படையச் செய்யுமாதலால், முதல்நாள் மாலையே சென்று குடாவ அயலில் தங்குவது நல்லது.

இந்த விவரங்களையெல்லாம் அறிந்த ஒருவரைக்கொண்டு சிங்கராஜ வனம் பற்றி விரிவான கட்டுரையொன்றைத் தங்கள் பத்திரிகையில் வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். மழை ஓரளவு குறைந்திருக்கும் ஜனவரி முதல் ஏப்ரல் முற்பகுதி வரையான காலத்தில் பாடசாலைகள் இப்பயணத்தை ஒழுங்குசெய்ய ஏதுவாக, அக்கட்டுரை டிசம்பர் விடுமுறைக்கு முன்னரே வெளிவருவது பெரிதும் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.