பாப்பா எப்போது பார்ட்னர் ஆவாள் என்று கேட்ட அக்காவுக்கு

அன்புள்ள அக்கா,

உன் மகள் பாப்பா, கம்பெனிகளுக்கு ஆலோசனை சொல்லும் கன்சல்டிங் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது, அவளோடு சேர்ந்த பையன் போன ஏப்ரலிலேயே பார்ட்னர் ஆகிவிட்டான், இவளிடம் என்ன குறை என்று கேட்டாய். அவளிடம் ஒரு குறையும் இல்லை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது. வேறு சில பெற்றோரும் என்னிடம் இதையே கேட்டிருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

நீ வங்கியில் அதிகாரிகளின் முதல் படியான ஸ்கேல் ஒன்றில் சேர்ந்து ஸ்கேல் நான்கில் ஓய்வு பெற்றவள். இத்தனை ஆண்டு சேவை முடித்தால் தகுதி, பிறகு தேர்வு, நேர்காணல், பட்டியல் என்று எல்லாவற்றுக்கும் உங்களுக்குச் சுற்றறிக்கை உண்டு. இந்த ஆண்டு பெயர் வராவிட்டால் அடுத்த ஆண்டு வரும் என்று இருக்கலாம். கன்சல்டிங் நிறுவனங்களிலும் கீழ்ப்படிகள் கிட்டத்தட்ட அப்படித்தான். அனலிஸ்ட், கன்சல்டன்ட், மேனேஜர் என்று இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு படி ஏறலாம். கடைசிப் படியான பார்ட்னர் பதவி மட்டும் வேறு ஜாதி. அங்கே நிறுவனத்தின் சொந்தக்காரர்கள் கூடி, இவரை நம்மில் ஒருவராகச் சேர்த்துக்கொள்வதா என்று முடிவு செய்கிறார்கள். சேவை ஆண்டுகளைக் காட்டி அதைக் கேட்டு வாங்க முடியாது.

எத்தனை ஆண்டு என்றால், மெக்கின்ஸி, பிசிஜி, பெயின் ஆகிய மூன்று பெரிய கன்சல்டிங் நிறுவனங்களிலும் எம்.பி.ஏ. முடித்துச் சேர்பவருக்குப் பொதுவாக ஆறிலிருந்து ஒன்பது ஆண்டு வரை. வெறும் பட்டப்படிப்போடு சேர்பவருக்குப் பத்தை ஒட்டி. தணிக்கையோடு ஆலோசனையும் செய்யும் டெலாய்ட், பிடபிள்யூசி, இஒய், கேபிஎம்ஜி நான்கிலும் பன்னிரண்டு முதல் பதினைந்து, பலருக்கு அதற்கு மேலும். ரஜத் குப்தா 1973இல் மெக்கின்ஸியில் சேர்ந்து 1980இல் பார்ட்னர் ஆனார், 1994இல் அதன் தலைவரே ஆனார். (2012இல் பங்குச் சந்தை வழக்கில் தண்டனை பெற்றவரும் அவர்தான்.) உன் மருமகனின் அண்ணன் சொன்ன 'ஏழு வருடம்' இப்படி எங்கோ கேள்விப்பட்டதாக இருக்கும்.

இந்த எண்களெல்லாம் பார்ட்னர் ஆனவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. வழியில் இறங்கியவர்கள் இதில் இல்லை; அவர்கள்தான் மிகப் பெரும்பான்மை. நம் சென்னையில் பிறந்த இந்திரா நூயி 1980இலிருந்து ஆறு ஆண்டு பிசிஜியில் இருந்துவிட்டு மோட்டரோலாவுக்குப் போனார். பெப்சிகோவுக்கு வந்தது 1994இல். சுந்தர் பிச்சை மெக்கின்ஸியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு 2004இல் கூகுளுக்குப் போய்விட்டார். அவர்களைப் பார்த்துப் பாவம் என்று யாரும் சொல்வதில்லை.

ஏன் இத்தனை பேர் இறங்குகிறார்கள்? 'மேலே ஏறு, இல்லையென்றால் வெளியேறு' என்பது இந்தத் தொழிலின் பழைய விதி. நியூயார்க்கின் கிராவத் வழக்கறிஞர் நிறுவனத்தில் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றிய முறையை ஆலோசனை நிறுவனங்களும் எடுத்துக்கொண்டன. அதன் பின்னால் இருப்பது எளிய கணக்கு. ஒரு நிறுவனத்தில் 100 பார்ட்னர்கள், ஒவ்வொருவரும் 20 ஆண்டு இருப்பார்கள் என்று வைத்துக்கொள். நிறுவனம் வளராவிட்டால் ஆண்டுக்கு ஐந்து இடம்தான் காலியாகும். அதே நிறுவனம் ஆண்டுக்குப் பத்து சதவீதம் வளர்ந்தால் இன்னும் பத்து இடம் சேர்ந்து பதினைந்து. அதே படிப்பு, அதே உழைப்பு, வாய்ப்பு மட்டும் மும்மடங்கு. மெக்கின்ஸி 2022இல் 380 பேர் வரை பார்ட்னராக உயர்த்தியது. சந்தை மந்தமான 2023இல் சுமார் 250 பேர்தான் என்று செய்தித்தாள்கள் எழுதின. விடுபட்ட நூற்றுச் சொச்சம் பேரும் ஒரே ஆண்டில் திறமையை இழந்துவிடவில்லை. பாப்பாவின் நண்பன் இருக்கும் பிரிவு வளர்கிற பிரிவு, அவளுடையது அப்படியே நிற்கிறது. அவர்கள் இருவருக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி இதுதான்.

இப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தின் நிதிப் பிரிவில் வெகுகாலம் இருந்தவன் என்ற முறையில் பார்ட்னர் தேர்வுக் கோப்புகள் என் மேசையையும் தாண்டிப் போயிருக்கின்றன. வேட்பாளர் தன் பக்க நியாயத்தை எழுதித் தர வேண்டும். அதில் அவருடைய படிப்பு ஒரு வரி. மற்றதெல்லாம் வாடிக்கையாளர் பெயர்கள். யார் யார் இவரை நம்பி வேலை தருகிறார்கள், அடுத்த மூன்று ஆண்டில் எவ்வளவு வரும், அதில் எவ்வளவு இவரால் வந்தது, எவ்வளவு மேலே இருக்கும் பார்ட்னரால் வந்தது. அந்தக் கடைசிக் கேள்வியில்தான் பலரும் மாட்டிக்கொள்வார்கள். வேறு நகரத்துப் பார்ட்னர் ஒருவர் வந்து கூட வேலை செய்தவர்களையெல்லாம் தனித்தனியாக விசாரிப்பார். உள்ளே இவருக்காக வாதாட மூத்தவர் ஒருவர் வேண்டும். அவர் அந்த ஆண்டு ஓய்வு பெற்றுவிட்டால், கோப்பு எவ்வளவு கனமாக இருந்தாலும் தூக்க ஆள் இருக்காது.

இப்போது நீ கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய ஒன்று. குழந்தை பிறந்தபோது பாப்பா 26 வாரம் விடுப்பு எடுத்தாள். சட்டம் தரும் உரிமை, சம்பளமும் வந்தது. அவள் நான்கு ஆண்டு வளர்த்த வாடிக்கையாளரை அந்த நாட்களில் வேறொருவர் பார்த்துக்கொண்டார். திரும்பி வந்தபோது, 'அவர்கள் இவரோடு பழகிவிட்டார்கள், தொந்தரவு செய்ய வேண்டாம்' என்று மேலிடத்தில் சொன்னார்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் வேறு வாடிக்கையாளரைத் தேடி முதலிலிருந்து தொடங்கினாள். சர்வீஸ் கணக்கில் அந்த ஆறு மாதம் ஆறு மாதம்தான். பார்ட்னர் கோப்பில் அது நான்கு ஆண்டு. எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு. மேனேஜராகி, பார்ட்னர் ஆவதற்கு வாடிக்கையாளர்களைச் சேர்க்கும் காலமும், பெண்கள் பிள்ளை பெறும் காலமும் இந்தத் தொழிலில் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. விடுப்பு கொடுத்துவிட்டோம் என்று சொல்லும் நிறுவனம், அந்த விடுப்பில் போன வாடிக்கையாளரைத் திருப்பிக் கொடுக்கிறதா என்றுதான் நான் பார்ப்பேன்.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை இரவு, குழந்தையை மடியில் தூங்க வைத்துக்கொண்டு ஒரு கையால் டைம்ஷீட் போட்டுக்கொண்டிருந்தாள். எந்த வாடிக்கையாளருக்கு எத்தனை மணி நேரம் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். புது வாடிக்கையாளருக்காக அலைந்த நேரத்துக்கு அதில் ஒரு பொதுக் கட்டம் மட்டும் உண்டு. பணம் வராத நேரம் என்பதால் அது யார் கண்ணிலும் படாது. இந்த ஆண்டு அவள் அந்தக் கட்டத்தில்தான் அதிகம் உழைத்திருக்கிறாள். அது பலன் தர இன்னும் இரண்டு ஆண்டாவது ஆகும் என்பது என் கணிப்பு. அதற்குள் வேறு கம்பெனியில் நல்ல பதவி வந்து அவள் போனாலும் நான் சரி என்பேன். போகட்டுமா, இருக்கட்டுமா என்று அவள் யோசிக்கும்போது, 'அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது' என்ற பாரம் அவள் தலையில் இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது இந்தப் பேச்சை எடுக்காதே அக்கா, என் வேண்டுகோள் இது ஒன்றுதான்.

கடைசியாக, செங்கல்பட்டு மனை. பார்ட்னர் ஆனால் முதல் போட வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதை விற்கப் போவதாகச் சொன்னாயாமே. விற்காதே. முதல் போட வேண்டியிருக்கும் என்பது உண்மைதான், பங்கு உள்ள பார்ட்னர் என்றால் சொந்தக்காரர்தானே. ஆனால் பல நிறுவனங்களில் அதற்கு வங்கிக் கடன் ஏற்பாடாகியிருக்கும், வருகிற லாபப் பங்கிலிருந்து அடைபடும். விலகும்போது போட்ட முதலைத் திருப்பித் தருவார்கள். அதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2002இல் ஆர்தர் ஆண்டர்சன் என்ற பெரிய தணிக்கை நிறுவனம் சரிந்தபோது அதன் பார்ட்னர்கள் போட்ட முதலையும் இழந்தார்கள். அதனால்தான் குடும்பச் சொத்தை இதில் கொண்டுவர வேண்டாம் என்கிறேன். இன்னொன்று, பெயர் அட்டையில் பார்ட்னர் என்று போட்டுச் சம்பளம் மட்டும் தருகிற பதவிகளும் இப்போது பெருகிவிட்டன. அப்படி ஒன்று வந்தால் முதலே தேவைப்படாது. எந்த ஒப்பந்தம் வந்தாலும் அவள் கையெழுத்துப் போடுமுன் எனக்கு அனுப்பச் சொல், நான் வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன். மனைக்கு இந்த ஆண்டு வரி கட்டி ரசீதைப் பத்திரத்தோடு சேர்த்து வை.

அன்புடன்,
உன் தம்பி