பெட்டியில் ஒரு வரி அச்சிடுங்கள்: தொலைத்தொடர்புத் துறைக்கும் ஃபோன் நிறுவனங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

என் அம்மாவுக்கு 72 வயது. இரண்டு காதிலும் மெஷின். ஃபோனில் பேசுகிறவர் குரல் நேரே மெஷினுக்குள் வரவேண்டும் என்பதற்காகவே, கூடுதல் விலை கொடுத்து புளூடூத் உள்ளதாக வாங்கினோம். போன மாதம் பழைய ஃபோன் தண்ணீரில் விழுந்துவிட்டது. புதிய ஃபோனின் பெட்டியில் புளூடூத் 5.3 என்று போட்டிருந்தது. கடைக்காரத் தம்பியும் "எல்லாம் கனெக்ட் ஆகும்" என்றார். ஆனது. மெஷினுக்கான ஆப்பில் அதன் பேட்டரி அளவு தெரிகிறது, சத்தத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிறது. ஃபோனில் வரும் குரல் மட்டும் மெஷினுக்கு வரவில்லை.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஃபோன் ஒலியை நேரே காது மெஷினுக்கு அனுப்ப, கூகுள் 2018-இல் அறிவித்த ஆஷா (ASHA) முறையை ஃபோனில் வைப்பதும் விடுவதும் தயாரிப்பாளர் விருப்பம். புளூடூத் அமைப்பு 2020-இல் அறிவித்த புதிய ஒலி முறையான எல்.இ. ஆடியோவும் அப்படித்தான், 5.3 என்ற எண்ணைப் பார்த்து அது இருக்கிறதா என்று சொல்ல முடியாது. ஐஃபோனுக்கோ தனி முறை.

ஃபோனைக் காதில் வைத்தால் மெஷின் கீச்சென்று கத்துகிறது. அதனால் அம்மா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறார். இரண்டு வாரம் முன்பு, மதுரை போகும் பஸ்ஸில், ரத்தப் பரிசோதனை நிலையத்திலிருந்து அழைப்பு. "சுகர் 340 இருக்கும்மா, யூரின்ல இன்ஃபெக்‌ஷன் இருக்கு." அம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை, திரும்பச் சொல்லச் சொன்னார். அந்தப் பெண் இன்னும் உரக்கச் சொன்னார். முன்சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தாராம். அன்றிலிருந்து வெளியே கிளம்பினால் ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறார்.

நான் கேட்பது ஒன்றுதான். எந்த முறையில் காது மெஷினுக்கு ஒலி அனுப்பும், அல்லது அனுப்பவே அனுப்பாது என்று ஒவ்வொரு ஃபோன் பெட்டியிலும் ஒரு வரி அச்சிடுங்கள். துறை அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

மெஷின் கம்பெனியைக் கேட்டால் ஃபோனைக் குறை சொல்கிறார்கள். ஃபோன் கம்பெனியில் மெஷினைக் குறை சொல்கிறார்கள். சர்வீஸ் சென்டரில் ஒருவர் "இயர்பட்ஸ் வாங்கிக் கொடுங்க சார்" என்றார். அதைப் போட மெஷினைக் கழற்ற வேண்டும். கழற்றினால் அம்மாவுக்கு எதிரில் இருப்பவர் பேசுவது கேட்காது. கேமராவுக்கு எத்தனை மெகாபிக்சல் என்று பெட்டி முழுக்கப் போட இடம் இருக்கிறது, இதற்கு இல்லையா? அன்றாடம் பயன்படும் மின்னணுப் பொருட்கள் எல்லோரும் பயன்படுத்தும் வடிவமைப்பில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு சொல்கிறது. அமெரிக்காவில் எல்லா ஃபோன்களும் காது மெஷினோடு ஒத்துப்போக வேண்டும் என்று 2024-இல் விதியே கொண்டுவந்துவிட்டார்கள்.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் மெஷின் இன்னும் மூன்று நான்கு வருடம் உழைக்கும். இந்த ஃபோனை மாற்றத்தான் போகிறோம். அடுத்ததை வாங்கக் கடைக்குப் போகும்போது அந்த ஒரு வரி பெட்டியில் இருக்க வேண்டும். தயவுசெய்து ஆவன செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகன், சிவகங்கை