ரேடியேட்டர் மூடியை இந்த முறை மாற்றிவிடு, கண்ணம்மா

அன்புள்ள கண்ணம்மா,

போனில் நீ சொன்னதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நெரிசலில் நின்றால் டெம்பரேச்சர் முள் மேலே போகிறது, வண்டி ஓட ஆரம்பித்தால் கொஞ்சம் இறங்குகிறது, மெக்கானிக் தண்ணீர் குறைவு என்று ஊற்றி அனுப்பினார், இப்போது பார்த்தால் மறுபடியும் குறைந்திருக்கிறது, ஆனால் வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. அப்படியென்றால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? அதைக் கண்டுபிடிக்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் ஒருநாள் நடுவழியில் நிற்க வேண்டிவரும். நிற்கும்போது மட்டும் சூடேறுவதால் ரேடியேட்டர் ஃபேன் சரியாகச் சுற்றுகிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொல். ஆனால் ஃபேன் ஓடவில்லை என்பதற்காக மட்டும், கொதித்து வெளியே தள்ளாதவரை, தண்ணீர் குறையாது. ஒழுகலே தெரியாமல் குறைகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது ரேடியேட்டர் மூடியைத்தான். நீ வாங்கியது பழைய வண்டி, இதற்கு முன் வைத்திருந்தவர் மூடியை மாற்றியிருப்பார் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

மூடிதானே, அதில் என்ன இருக்கிறது என்று நினைக்காதே. தண்ணீர் சிந்தாமல் அடைத்து வைப்பது மட்டும் அதன் வேலை இல்லை, உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதுதான் முக்கியமான வேலை. வெறும் தண்ணீர் கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும். அதில் பாதிக்குப் பாதி கூலன்ட், அதாவது கொதிநிலையை உயர்த்த ரேடியேட்டர் தண்ணீரில் சேர்க்கும் திரவம், கலந்தால் சுமார் 107 டிகிரி வரை தாங்கும். இன்ஜின் சாதாரணமாக ஓடும்போதே 90 டிகிரிக்கு மேல்தான் இருக்கும், இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டுக்குள் சில இடங்களில் அதைவிட நிறைய. ஆக, இடைவெளி மிகவும் குறைவு. அந்த இடைவெளியை அதிகமாக்கிக் கொடுப்பது மூடிதான். பெரும்பாலான கார்களில் அது வெளிக்காற்றைவிட 0.9 முதல் 1.1 பார் வரை, அதாவது ஏறக்குறைய 13 முதல் 16 பிஎஸ்ஐ வரை அழுத்தத்தை உள்ளே தக்கவைக்கும். அந்த அழுத்தத்தில் அதே கூலன்ட் கலவை 125 டிகிரியைத் தாண்டினால்தான் கொதிக்கும். குக்கரில் கேஸ்கெட் தளர்ந்துபோனால் விசில் வராமல் ஓரமாக ஆவி கசிந்துகொண்டே இருக்கும் இல்லையா, மூடி கெட்டுப்போன ரேடியேட்டரிலும் அதேதான் நடக்கிறது. அழுத்தம் நிற்காததால் கூலன்ட் சீக்கிரம் கொதிக்கிறது, கொதித்தால் குமிழி வருகிறது, குமிழிக்கு உலோகத்தின் சூட்டை வாங்கிக்கொண்டு போகும் திறன் கிடையாது, வாட்டர் பம்பாலும் ஆவியைத் தள்ள முடியாது, அப்புறம் முள் ஏறாமல் என்ன செய்யும்? மலைப்பாதையில் இது இன்னும் சீக்கிரம் தெரியவரும், ஏனென்றால் உயரம் போகப்போகக் கொதிநிலை குறைகிறது, ஏற்றத்தில் இன்ஜினுக்கும் வேலை அதிகம்.

மூடிக்குள் இரண்டு வால்வு இருக்கின்றன. இதை மட்டும் புரிந்துகொண்டால் போதும், மீதி எல்லாம் நீயே கண்டுபிடித்துவிடுவாய். பெரிய ஸ்பிரிங் வைத்தது ஒன்று: சூட்டில் கூலன்ட் விரிந்து அழுத்தம் அளவைத் தாண்டும்போது அது தூக்கிக்கொடுக்கும், அதிகப்படியானது சின்ன ஹோஸ் வழியாகப் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குப் போகும். நடுவில் இருக்கும் குட்டி வால்வு இன்னொன்று: இன்ஜின் ஆறும்போது கூலன்ட் சுருங்கும், உள்ளே வெற்றிடம் உண்டாகும், அப்போது அது திறந்து பாட்டிலில் இருப்பதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். பெரிய வால்வின் ரப்பர் கெட்டால் அழுத்தம் நிற்காது. குட்டி வால்வு ஒட்டிக்கொண்டால் போனது திரும்பி வராது.

அதனால் ராத்திரி முழுக்க நின்ற வண்டியை, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பானெட்டைத் திறந்து பார். ரேடியேட்டரின் மேல்பக்கத்திலிருந்து இன்ஜினுக்குப் போகும் தடித்த ரப்பர் ஹோஸ் உருண்டையாக இல்லாமல், யாரோ கையால் பிசைந்ததுபோல் தட்டையாக உள்வாங்கியிருந்தால், குட்டி வால்வு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பாட்டில் நிறைந்து கிடக்கிறது, ஆனால் ரேடியேட்டரில் மட்டம் குறைவு என்றால் அதுவும் அதே அர்த்தம்தான். இதைப் பலர் கவனிப்பதில்லை, பாட்டிலில் தண்ணீர் இருக்கிறதே என்று திருப்தியாகப் போய்விடுகிறார்கள். மூடியைச் சுற்றியும், மூடி உட்காரும் ரேடியேட்டர் கழுத்தின் ஓரத்திலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த படிமம் இருந்தால் அங்கே கசிந்து கசிந்து ஆவியாகியிருக்கிறது, கீழே ஈரம் தெரியாததற்கு இதுகூடக் காரணமாக இருக்கலாம். வண்டியை நிறுத்தியதும் முன்பக்கத்திலிருந்து 'உஸ்' என்று சத்தம், இனிப்பான ஒரு வாடை, இதையெல்லாமும் கவனி.

அப்புறம் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். ஆனால் கண்ணம்மா, இன்ஜின் சூடாக இருக்கும்போது எந்தக் காரணத்துக்காகவும் கை வைக்காதே. உள்ளே இருப்பது 100 டிகிரிக்கு மேல் சூடேறி, அழுத்தத்தால் மட்டும் கொதிக்காமல் அடங்கியிருக்கும் தண்ணீர். மூடி தளர்ந்த நொடியில் அது ஆவியாகி முகத்திலும் கையிலும் பீய்ச்சி அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் இறுகப் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறியிருக்க வேண்டும், அழுத்தினால் மெத்தென்று அமுங்க வேண்டும், அதற்கு அப்புறம்தான். அப்போதும் தடித்த துணியை மேலே போட்டு, முதல் நிறுத்தம் வரைக்கும் மட்டும் திருப்பிக் கொஞ்ச நேரம் விடு, மிச்ச அழுத்தம் போகட்டும், பிறகு அழுத்தித் திருப்பி எடு. அவசரம் என்று எத்தனை பேர் சொன்னாலும் கேட்காதே.

எடுத்த மூடியைத் திருப்பிப் பிடி. அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்திப் பார், நல்ல ரப்பர் அமுங்கி எழும், கெட்டது காய்ந்து கல்லாக இருக்கும். ரேடியேட்டர் கழுத்தின் விளிம்பு அதில் ஆழமான ஒரு வட்டக் கோடாகப் பதிந்திருக்கும், ஓரங்களில் மெல்லிய வெடிப்பு ஓடும். நடுவில் இருக்கும் குட்டி வால்வை விரல்நுனியால் மெதுவாக இழுத்து விடு, சட்டென்று தன் இடத்துக்குப் போக வேண்டும். ஸ்பிரிங்கில் துரு இருந்தாலோ வால்வைச் சுற்றிச் சேறு மாதிரி படிந்திருந்தாலோ யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடு. பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மூடியைச் சோதிப்பதற்கென்றே கைப்பம்பு வைத்த பிரஷர் டெஸ்டர் இருக்கிறது, மெக்கானிக்கிடம் அதில் போட்டுப் பார்க்கச் சொல். எழுதியிருக்கும் அழுத்தம் வரை ஏறி, அங்கேயே நிற்க வேண்டும்.

எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை என்று கேட்பாய். எல்லா வண்டிக்கும் பொதுவான கணக்கு கிடையாது. நான் பின்பற்றச் சொல்வது, கூலன்ட்டை மாற்றும்போதெல்லாம் மூடியையும் மாற்றிவிடு என்பதுதான். பழைய வகைப் பச்சைக் கூலன்ட் என்றால் அது ஏறக்குறைய இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வரும், நீண்ட நாள் வகை என்றால் ஐந்து வருஷம் வரைகூடப் போகும், உன் வண்டியோடு வந்த கையேட்டில் போட்டிருப்பதைப் பார்த்துக்கொள். நீண்ட நாள் வகை போட்டிருந்தால் நடுவில் வருஷத்துக்கு ஒருமுறையாவது மூடியைச் சோதித்துவிடு. ரேடியேட்டரை மாற்றினாலும், ஒருமுறை நன்றாகச் சூடேறிக் கொதித்துவிட்டாலும் பழைய மூடியையே திரும்பப் போடாதே. இன்ஜினில் இருக்கும் பாகங்களிலேயே மலிவானவற்றில் இதுவும் ஒன்று, இதில் மிச்சம் பிடிக்கப் போய் ஹெட் வளைந்தால் ஆகும் செலவு எங்கேயோ போய்விடும்.

புது மூடி வாங்கும்போது அதே அழுத்தம்தான் வாங்க வேண்டும். மேலே 0.9 என்றோ 1.1 என்றோ, சிலவற்றில் அதே அழுத்தத்தை 88 அல்லது 108 கேபிஏ (கிலோபாஸ்கல்) என்றோ எழுதியிருக்கும். அதிகம் இருந்தால் நல்லதுதானே என்று யாராவது கூடுதல் அழுத்த மூடியைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. பழைய ஹோஸ், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் பகுதி சேரும் இடம், வண்டிக்குள் சூடு தரும் ஹீட்டரின் கோர், எது பலவீனமோ அது முதலில் பிளக்கும். குறைவான அழுத்தம் போட்டால் இப்போது இருக்கும் தொல்லையே தொடரும். இன்னொன்று, அகலம் ஒன்றாக இருந்தாலும் ஆழம் வேறாக இருக்கும் மூடிகள் உண்டு. மாட்டும்போது சரியாகப் பொருந்தினது மாதிரி தெரியும், ஆனால் உள்ளே ரப்பர் போய் உட்கார வேண்டிய இடத்தைத் தொடாது. அதனால் பார்த்து ஒப்பிட்டு வாங்காமல் உன் வண்டியின் மாடலைச் சொல்லி வாங்கு. மாட்டுவதற்கு முன்னால் கழுத்தின் உள்விளிம்பைத் துணியால் துடைத்துவிடு, அங்கே அரிப்போ நெளிவோ இருந்தால் புது மூடியும் கசியும். ரேடியேட்டரின் மேல் மூடியே இல்லாமல், பக்கத்து டேங்கில் திருகு மூடி மட்டும் இருக்கிற வண்டியாக இருந்தால் அழுத்தத்தைப் பிடிப்பது அந்தத் திருகு மூடிதான், சூட்டில் அதையும் திறக்கக் கூடாது.

புது மூடி போட்ட பிறகும் கூலன்ட் குறைந்தால் மூடியோடு விட்டுவிடாதே. முழு சிஸ்டத்தையும் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல். சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை, இன்ஜின் ஆயில் வெளுத்துக் கலங்கியிருப்பது, பாட்டிலில் ஓயாமல் குமிழி, இதில் எது தெரிந்தாலும் ஹெட்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும், அதற்கு மேல் அந்த வண்டியை ஓட்டாதே.

மாற்றுவதற்குள் வழியில் முள் சிவப்பை நோக்கிப் போனால் உடனே ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் முழு வேகத்தில் வை. உனக்கு வியர்த்துக் கொட்டும், பரவாயில்லை, இன்ஜினின் சூட்டில் கொஞ்சம் அந்த வழியாக வெளியே போகும். பாதுகாப்பான இடம் பார்த்து ஓரம் கட்டி இன்ஜினை அணைத்துவிடு. வீடு பக்கம்தானே, போய்விடலாம் என்று ஓட்டாதே, அலுமினிய ஹெட் வளைவதற்கு அதிக நேரம் வேண்டாம். சூடான இன்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றவும் கூடாது, உலோகம் விரிசல் விட்டுவிடும். எனக்கு எந்த நேரமானாலும் போன் செய்.

நாளைக்குக் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் மேல் ஹோஸ் எப்படி இருக்கிறது என்று பார்த்து, மூடியின் மேல்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் தனித்தனியாகப் படமெடுத்து அனுப்பு. எண் தெளிவாகத் தெரியட்டும். கையேட்டில் உன் மாடலுக்கு என்ன அழுத்தம் போட்டிருக்கிறது என்று அந்தப் பக்கத்தையும் எடுத்து அனுப்பு, பார்த்துவிட்டு எது வாங்க வேண்டும் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா