சனிக்கிழமைக்குள் உன் பழைய குறிப்பேடு வேண்டும்

ஜார்ஜ் டவுன், பினாங்கு

அன்பு இளங்கோ,

தீபாவளிக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை, மன்னித்துவிடு. வீட்டில் அனைவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. கோலாலம்பூர்ச் செய்திகளை நீ விரிவாக எழுது. நான் இன்று எழுத உட்கார்ந்தது, பழைய டிஸ்கி குறியாக்கத்தில் உள்ள தமிழை யூனிகோடுக்கு மாற்ற நாம் எழுதிய எழுத்துரு மாற்றியைப் பற்றி.

சென்ற மாதம் ஒரு மாணவி நம் மாற்றியை ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் தொகுக்க முயன்று, கணினியை ஆராயும் கன்ஃபிகர் என்ற முதல் படியிலேயே நின்றுவிட்டதாக எழுதியிருந்தார். கணினி எந்த வகை என்று கண்டறிய நாம் 2003-இல் சேர்த்து வைத்த கான்ஃபிக் கெஸ் கோப்புக்கு, அந்த 64 பிட் ஆர்ம் வகைக் கணினியை அடையாளம் காணத் தெரியாது. அந்த ஒரு கோப்பை மட்டும் புதுப்பித்திருக்கலாம். உள்ளே பார்த்த பிறகு மனம் கேட்கவில்லை. ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், லிப்டூல் என்ற பழைய தொகுப்புக் கருவிகள் மூன்றையும் எடுத்துவிட்டு, மீசான் என்ற புதிய கருவிக்கு மாற்றினேன். மீசான் மூலநிரல் அடைவுக்குள்ளேயே தொகுக்க விடாது, தனி அடைவு கேட்கும். அதனால்தான் நம் சோதனை நிரலின் குட்டு வெளிப்பட்டது. தான் எழுதிய விடைக் கோப்பை மூலநிரலின் பக்கத்திலேயே போட்டுவிட்டு, அடுத்த முறை அதையே சரியான விடை என்று எடுத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தது! ஒருநாளும் தோற்காத சோதனை என்று நீ எல்லாரிடமும் சொல்லி மகிழ்ந்தாயே, அதே சோதனைதான்.

அது இரண்டு வார இறுதிகளில் முடிந்த வேலை. என்னை உறங்கவிடாமல் வைத்திருப்பது, நிரலில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் குறிப்போடு சேமித்துவைத்த நம் பழைய சிவிஎஸ் களஞ்சியம். இப்போது உதவ வந்திருக்கும் பிள்ளைகள், இன்றைய நிரலை மட்டும் ஒரே கமிட்டாக (ஒரே மாற்றப் பதிவாக), சிவிஎஸ்ஸுக்குப் பிறகு வந்த கிட்டில் போட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்றார்கள். நான் ஒப்பவில்லை. 2014-இல் ஈமாக்ஸ் உரைத்தொகுப்பி கிட்டுக்கு வந்தபோதும், 2020-இல் ஜிசிசி நிரல்தொகுப்பி சப்வெர்ஷன் என்ற களஞ்சிய மென்பொருளை விட்டுக் கிட்டுக்கு வந்தபோதும் பழைய வரலாற்றையும் உடன் கொண்டுவந்தார்கள். நம்முடையது சிறிய திட்டம்தான், ஆனாலும் காரணம் ஒன்றுதான். டிஸ்கியில் ‘ஸ்ரீ’ ஒற்றைக் குறியீடு, யூனிகோடில் அதைப் பல எழுத்துகளாகப் பிரித்து எழுத வேண்டும். 2005-இல் யூனிகோடு 4.1 ‘ஶ’ எழுத்தைச் சேர்த்தபோது, அதை நாம் ஏன் ‘ஸ’வையே கொண்டு எழுதுவதென்று முடிவு செய்தோம் என்பது நிரலில் எங்கும் இல்லை. நீ அன்றிரவு எழுதிய மாற்றக்குறிப்பில் மட்டும் பதினோரு வரிகளில் இருக்கிறது. அதை எறிந்துவிட்டால், நாளை யாரோ ஒருவர் அதைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார்.

சிவிஎஸ் ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியே வரலாறு வைத்திருந்தது உனக்கு நினைவிருக்கும். ஒரே ஆள், ஒரே குறிப்பு, அடுத்தடுத்த நேரம் என்பவற்றைப் பார்த்துத்தான் மாற்றும் கருவி அவற்றை ஒரு கமிட்டாகச் சேர்க்கிறது. முதல் முறை ஓட்டியபோது குறிப்புகள் அத்தனையும் புரியாத கிறுக்கலாக வந்தன, ஏனெனில் நாம் அவற்றை டிஸ்கியில் எழுதியிருந்தோம். ‘கொ’வுக்கு முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் டிஸ்கி வைக்கும், யூனிகோடோ மெய்யை முன்னால் வைத்து உயிர்க்குறியைப் பின்னால் தரும். இந்த வேலையைச் செய்யத்தான் நாம் மாற்றியையே எழுதினோம்! நம் குறிப்புகளை நம் நிரலுக்குள்ளேயே செலுத்தினேன். 2001-இல் கோலாலம்பூர்த் தமிழ் இணைய மாநாடு முடிந்து இரவுப் பேருந்தில் திரும்பியபோது நாம் பேசியவை, பின்னர் நாம் எழுதிய குறிப்புகளாகத் திரையில் வரிவரியாக விரிந்தன. நெடுநேரம் எழுந்திருக்காமல் படித்துக்கொண்டிருந்தேன்.

ஓர் இடத்தில் மட்டும் தயங்கினேன். ஔகாரக் குறிக்குப் பதில் ளகரத்தைத் தட்டி, ‘மௌனம்’ என்பதை ‘மெளனம்’ என்றே பல இடங்களில் எழுதியிருக்கிறோம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் தேடினால் கிடைக்காது. குறியாக்கத்தை மட்டும் மாற்றுவது, எழுத்துப்பிழையில் கை வைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். அன்று எழுதியது அன்று எழுதியதாகவே இருக்கட்டும். உனக்கு இதில் மாற்றுக் கருத்து இருந்தால் உடனே சொல்.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டியது. சிவிஎஸ்ஸில் பயனர் பெயர் மட்டும் போதும். கிட் ஒவ்வொரு கமிட்டுக்கும் பெயரும் மின்னஞ்சலும் கேட்கிறது. உன்னுடையதும் என்னுடையதும் சிக்கலில்லை. ‘விருந்தினர்’ கணக்குதான் சிக்கல். ஞாயிற்றுக்கிழமைகளில் பினாங்கு ஸ்ட்ரீட் மாடியில் வந்து உட்கார்ந்தவர்கள் அனைவரும் அதில்தான் எழுதினார்கள். சொற்பட்டியல் முழுவதும் வாத்தியாருடையது என்று எனக்குத் தெரியும். போன வாரம் புக்கிட் மெர்தாஜம் போய் அவரைப் பார்த்தேன். தமக்கு மின்னஞ்சலே கிடையாது, பெயர் இருந்தால் போதும் என்றார். அதனால் அவர் பெயரோடு திட்டத்தின் பொது முகவரியைப் போடுகிறேன். அந்தச் சொற்களுக்காக அவர் எத்தனை இரவு விழித்தார் என்று எனக்குத் தெரியும். ‘விருந்தினர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் அவரை நிறுத்திவைக்க எனக்கு மனமில்லை.

மற்றவர்கள் யார் யார் என்று எனக்கு நினைவில்லை. யார் எந்த வாரம் எதைச் செய்தார் என்று நீ ஒரு நீல அட்டைக் குறிப்பேட்டில் தேதியோடு எழுதிவந்தாய். அதைத் தேடி, 2002 முதல் 2004 வரையிலான பக்கங்களைப் படம் எடுத்துச் சனிக்கிழமைக்குள் அனுப்பு. ஞாயிறு காலை களஞ்சியத்தை வெளியிடுகிறேன். அதன்பிறகு ஒரு பெயரைத் திருத்தினாலும், அதற்குப் பிந்திய கமிட்டுகள் அனைத்தின் அடையாள எண்களும் மாறிவிடும். படியெடுத்தவர்கள் எல்லாரும் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

அன்புடன்,
சேகர்