பவர் மீட்டர்களின் மோட்பஸ் அளவீடுகள் தலைகீழாக வருவது குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைத் தலைவர்

ஐயா,

வணக்கம். உங்கள் பவர் மீட்டர்கள் பற்றித் தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது, மின்னஞ்சல் அனுப்பியாகிவிட்டது, சேவை மையத்துக்கு நேரிலும் வந்தாகிவிட்டது. பயனில்லாததால் உங்களுக்கே எழுதுகிறேன்.

உங்கள் பொறியாளர் மீட்டரின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்துச் சென்றது முதல், மீட்டர் கணினிக்குத் தரவு அனுப்பும் நெறிமுறையான மோட்பஸில் வரும் அளவீடு எதுவும் உதவாது. மீட்டரின் முகப்பில் 230 வோல்ட். கட்டுப்பாட்டு அறைத் திரையில் பூஜ்ஜியம். அதே தரவை உங்கள் கேட்வே (தரவைக் கடத்தும் இணைப்புக் கருவி) வழியாகப் பெறும் மின்செலவுக் கணக்கு மென்பொருளிலும் பூஜ்ஜியம்.

மீட்டர் தன் அளவீடுகளை வைக்கும் 16 பிட் நினைவிடங்களான ரெஜிஸ்டர்களின் மூல மதிப்பை நாங்களே எடுத்துப் பார்த்தோம். இரண்டு ரெஜிஸ்டர்களில் அடங்கும் 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணாக 230 என்பது பதினாறடிமானத்தில் 4366 0000. உங்கள் கையேட்டின்படி 4366 முதலில் வர வேண்டும். இப்போது 0000 முதலில் வருகிறது. இரண்டையும் இடம் மாற்றினால் 230 அப்படியே கிடைக்கிறது! ஒரு ரெஜிஸ்டரின் 16 பிட்டுக்குள் எந்த பைட் முதலில் என்பதைத்தான் மோட்பஸ் விதி சொல்கிறது. இரண்டு ரெஜிஸ்டர்களைச் சேர்க்கும் வரிசை தயாரிப்பாளரான உங்கள் முடிவு. அதை மாற்றினால் வாங்கியவரிடம் சொல்ல வேண்டாமா? இணையதளத்தில் இன்னமும் பழைய கையேடுதான் கிடக்கிறது.

உதவி மையத்தில் இதைச் சொன்னால், "கேபிளைப் பாருங்கள்" என்கிறார்கள். பார்த்தோம். சிக்னல் எதிரொலிக்காமல் தடுக்கும் 120 ஓம் மின்தடை கேபிளின் இரு முனைகளிலும் இருக்கிறது. கேபிளில் கோளாறென்றால் பதிலே வராது, அல்லது தரவு சிதைந்ததைக் காட்டும் சிஆர்சி பிழை வரும். எல்லா மீட்டரிலும் எல்லா எண்ணும் ஒரே விதமாக இடம் மாறுமா? இதைக் கேட்டதற்கு ஒருவர், "மோட்பஸ் தெரிந்த ஆள் இருந்தால் பேசச் சொல்லுங்கள்" என்று இணைப்பைத் துண்டித்தார். இந்த வேலையிலேயே தலை நரைத்தவன் நான். அந்த உரையாடல் உங்களிடம் பதிவாகியிருக்கும். தயவுசெய்து ஒருமுறை கேளுங்கள்.

சேவை மையத்தில் நடந்தது அதைவிடக் கொடுமை. ஒரு பிரிவின் மின்சாரத்தையே நிறுத்தி, மீட்டரைக் கழற்றி எடுத்து வந்தோம். மின் இணைப்புக் கொடுத்து, திரை எரிவதைப் பார்த்து, "நன்றாகத்தான் ஓடுகிறது" என்று கையில் திருப்பிக் கொடுத்தார்கள். மோட்பஸ் கேபிள் இணையும் ஆர்எஸ் 485 முனையில் ஒரு கணினியை இணைத்துப் பார்க்கக்கூட அங்கே ஆளில்லை. புதுப்பிக்க வந்த பொறியாளரிடம் அன்றே பழைய ஃபர்ம்வேரைத் திரும்ப ஏற்றும்படி கெஞ்சினோம். அதற்கு வழியே இல்லை என்று சொல்லிவிட்டார்.

மின்செலவுக் கணக்கு முழுவதும் பாழாகிவிட்டது. இந்த நட்டத்தை எந்தத் தொகையாலும் ஈடுகட்ட முடியாது.

உங்கள் தயாரிப்பை நம்பி வாங்கியவர்கள் நாங்கள்; பகை வளர்க்க விரும்பவில்லை. பழைய வரிசையைத் திரும்பக் கொடுங்கள், அல்லது வரிசையைத் தேர்ந்தெடுக்கும் வசதியை மீட்டரில் கொடுங்கள். திருத்திய ரெஜிஸ்டர் அட்டவணையை எழுத்துமூலம் அனுப்புங்கள். ஒரு வாரத்துக்குள் பொறுப்பான பதில் வராவிட்டால், மீட்டர்கள் அனைத்தையும் திருப்பி அனுப்பிப் பணத்தைக் கேட்போம்; சட்டப்படி நோட்டீசும் வரும். மூல மதிப்புகளின் பதிவை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மின் பராமரிப்புப் பொறுப்பாளர்