டி.என்.ஏ. செய்முறையில் நொதியத்தை விட்டுவிடுவது சரியா?

ஆசிரியர் அவர்கட்கு,

மட்டக்களப்பின் படுவான்கரைப் பகுதியில் உயர்தர உயிரியல் மாணவர்களுக்காக அண்மையில் நடந்த செயலமர்வொன்றுக்கு, ஓய்வுபெற்ற ஆசிரியன் என்ற முறையில் நானும் சென்றிருந்தேன். வாழைப்பழத்திலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். பழத்தை உப்பு நீரில் மசித்து, பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்து, வடித்து, மேலே குளிர்ந்த ஸ்பிரிட்டை ஊற்றியதும் வெள்ளைத் திரள் ஒன்று எழும்பியது. "இதுதான் டி.என்.ஏ." என்றதும் பிள்ளைகள் கைதட்டினார்கள். பின்வரிசையில் இருந்த மாணவி ஒருவர் மட்டும், "ஸ்பிரிட் ஊற்றினால் முட்டை வெள்ளைக்கருவும் இப்படித்தானே திரளும், சேர்?" என்று கேட்டார். நேரம் போதாதென்று பதில் சொல்லாமலே அடுத்த விடயத்துக்குப் போய்விட்டார்கள். அந்தப் பிள்ளை கேட்டது மிகச் சரியான கேள்வி. புரதத்தைச் செரிக்கும் நொதியத்தை (என்சைமை)ச் சேர்க்கும் படியைச் செய்முறைக் கையேட்டிலிருந்து நீக்கிவிட்டதால்தான் அதற்கு அங்கே பதில் இல்லாமற் போயிற்று.

கலத்தின் கருவுக்குள் டி.என்.ஏ. தனித்துக் கிடப்பதில்லை, ஹிஸ்டோன் என்னும் புரதங்களின்மேல் நூல்போலச் சுற்றப்பட்டிருக்கிறது. சவர்க்காரம் மென்சவ்வைக் கரைக்குமேயன்றி, அந்தப் புரதங்களை வெட்டிச் சிறு துண்டுகளாக்குவது நொதியத்தின் வேலை. 1869இல் தூபிங்கன் நகரில் பிரெட்ரிக் மீஷர், காயக்கட்டுத் துணிகளில் படிந்த சீழிலிருந்து எடுத்த கலங்களில், பன்றியின் இரைப்பையிலிருந்து பெற்ற பெப்சின் என்னும் நொதியத்தைக் கொண்டு புரதத்தைச் செரிக்கவைத்த பின்பும் எஞ்சிநின்ற பொருளுக்கே 'நியூக்ளின்' என்று பெயரிட்டார். 1944இல் ஏவரி, மக்லவுட், மக்கார்ட்டி ஆகிய மூவரும் பற்றீரியாவின் இயல்பை மாற்றும் பொருள் டி.என்.ஏ.தான் என்று காட்டியபோது, புரதத்தைச் சிதைக்கும் டிரிப்சினும் கைமோடிரிப்சினும் அப்பொருளை ஒன்றும் செய்யவில்லை என்பது அவர்களுடைய முக்கியச் சான்றுகளுள் ஒன்றாயிருந்தது. நாம் மாணவரிடமிருந்து பறித்துவிட்ட படி இதுதான்.

இன்றைய ஆய்வுகூடங்களில் பெரும்பாலும் பயன்படுவது, 1974இல் ஒரு பங்கசிலிருந்து பிரித்தறியப்பட்ட புரோட்டினேஸ் கே என்னும் நொதியம். மயிரிலும் நகத்திலும் உள்ள கெரட்டினையே செரிக்க வல்லதாதலால் அதன் பெயரில் 'கே' சேர்ந்தது. மற்ற நொதியங்கள் பல செயலிழந்துபோகும் சவர்க்காரக் கரைசலிலும், 50 முதல் 65 பாகை செல்சியஸ் வரையான சூட்டிலும் இது ஊக்கத்தோடு வேலை செய்யும். வேலை முடிந்ததும் 95 பாகையில் 10 நிமிடம் சூடாக்கி இதை அடக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் டி.என்.ஏ.யைப் பல படிகளாகப் பெருக்க அடுத்து வரும் பி.சி.ஆர். சோதனையின் நொதியத்தையும் இது செரித்துவிடும். டி.என்.ஏ.க்கு நெருங்கிய உறவான ஆர்.என்.ஏ. விடயத்தில் இதன் தேவை இன்னும் கூடுதல். ஆர்.என்.ஏ.யைச் சிதைக்கும் நொதியங்கள் நம் விரல் நுனியிலேயே இருக்கின்றன. கொதிநீரிலும் அவை இலேசில் அழிவதில்லை. ஆனால் அவையும் புரதங்களே என்பதால் புரோட்டினேஸ் கே அவற்றைச் செரித்துவிடும். மாரி தொடங்கியதும் நம் மாவட்டத்தில் தலைதூக்கும் டெங்கு வைரசு ஆர்.என்.ஏ. வைரசு என்பதைச் சொல்லிக்கொடுத்தால், பிள்ளைகளுக்கு இது ஏட்டுச்சுரைக்காயாக இராது.

புரோட்டினேஸ் கே விலை கூடியது, உறைகுளிரில் வைக்க வேண்டியது என்ற நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இறைச்சி பதமாக வேகட்டும் என்று பப்பாசிக்காய்த் துண்டு போடாத வீடு எழுவான்கரையில் உண்டா? அந்தக் காயின் பாலில் உள்ள பப்பேனும் புரதத்தைச் செரிக்கும் நொதியமே. சென்ற மாதம் வீட்டில் கோழி ஈரலை அரைத்து வடித்து மூன்று குழாய்களில் எடுத்தேன். ஒன்றில் நீர்மட்டும், இன்னொன்றில் பப்பாசிப் பால், மூன்றாவதில் நெடுநேரம் கொதிக்கவைத்து நொதியம் செயலிழந்தபின் ஆறிய அதே பால். மூன்றையும் 60 பாகை வெந்நீரில் கால் மணிநேரம் வைத்தெடுத்து, ஆறவிட்டு, ஸ்பிரிட் ஊற்றினேன். முதலாவதிலும் மூன்றாவதிலும் திரைந்த பாலைப்போலக் கட்டிகள் திரண்டன. இரண்டாவதில் எழுந்த மெல்லிய இழைகளைத் தென்னை ஈர்க்கின் நுனியில் சுற்றி எடுக்க முடிந்தது. அதுவும் முற்றும் தூய டி.என்.ஏ. அல்ல, ஆர்.என்.ஏ.யும் கலந்திருக்கும். ஆயினும் அந்த மாணவியின் கேள்விக்கு மூன்று குழாய்களையும் அருகருகே பிடித்துக் காட்டிப் பதில் சொல்லலாம். பப்பாசிப் பால் தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. ஆகவே கையுறையும் ஆசிரியரின் மேற்பார்வையும் கட்டாயம்.

வலயங்களின் விஞ்ஞானப் பாட ஆசிரிய ஆலோசகர்கள், அடுத்த தவணைச் செயலமர்வுகளுக்கு முன் இந்தப் படியைக் கையேட்டில் மீண்டும் சேர்க்க வேண்டுமென்று தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். மாணவர் பகுதியில் வெளியிட விரும்பினால், அளவுகளோடு எழுதிய செய்முறைத் தாளை உடனே அனுப்பிவைப்பேன்.

இங்ஙனம்,
ஓய்வுநிலை உயிரியல் ஆசிரியர்,
களுவாஞ்சிகுடி.